மாற்றமில்லை என்றது பட்டை

கொழுப்பு பேசும் என்று கேட்டவுடன் தையல் கூடத்தில் முதலில் சிரித்தவள் கௌசல்யாதான்.

"என்ற கொழுப்பு பேச ஆரம்பிச்சா, இங்க வேற யாருக்கும் வாயத் தொறக்க எடங் கெடைக்காது அம்மிணி," என்றாள். தேநீர் இடைவேளை. நாற்பது ஓவர்லாக் மெஷின்களும் ஓய்ந்திருந்தன. சிரிப்பு கூடத்தின் கடைசி வரிசை வரை போய்த் திரும்பியது.

திருப்பூர் கொடிமலர் பின்னலாடை நிறுவனத்தில் துணி வெட்டும் வேலையை இயந்திரக் கைகள் எடுத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இழுத்த இழுப்புக்கு நீளும் பனியன் துணியை விரல் வைத்துப் பதமாகத் தள்ளிவிட மட்டும் அந்தக் கைகளுக்கு வரவில்லை. ஆகவே தையல் மனிதர்களிடம், அதிலும் பெண்களிடம், மிஞ்சியிருந்தது. அவர்களின் உடம்பைக் கவனிக்கத்தான் இந்தப் புதிய ஏற்பாடு. தொப்புளுக்கு இடப்பக்கம் ஒட்டிக்கொள்ள ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு பொட்டு. மணிக்கட்டில் ஒரு பட்டை. பொட்டு கேட்பதைப் பட்டை நிறமாகச் சொல்லும்: அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு.

பொட்டை ஒட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் மகிழினி. இருபத்து நான்கு வயது. மூன்று ஆண்டுகள் செக்கிங் மேசையில் துணியைப் புரட்டிக் குறை பார்த்தவள். மாலையில் பாலிடெக்னிக்கில் தரவுப் பகுப்பாய்வு டிப்ளமோ படிக்கிறாள் என்பதால் நிர்வாகம் அவளை நலப் பிரிவு மேசைக்கு மாற்றியிருந்தது. எதையும் மூன்று தடவை சரிபார்ப்பாள். மூன்றாவது தடவையும் சரியாக வந்தால் அவளுக்குச் சந்தேகம் குறையாது, கூடும்.

"சிரிக்காம கேளுங்க்கா," என்றாள் கௌசல்யாவின் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி. "கொழுப்புச் செல்லு சும்மா அடுக்கி வெச்ச மூட்டையில்லீங்க. அது நாள் பூரா உடம்புக்குத் தகவல் அனுப்பீட்டே இருக்கும். மூளைக்கு, 'இருப்பு இருக்குது, சோறு போதும்'னு ஒண்ணு. ஈரலுக்கும் சதைக்கும், 'ரத்தத்துல சர்க்கரை நிக்குது, உள்ள வாங்கிக்க'ன்னு ஒண்ணு."

"இவ்வளவு நல்ல மனுசனையா எல்லாரும் திட்டறாங்க?"

"குடோன் நெறையற வரைக்கும் நல்ல மனுசந்தானுங்க. நெறஞ்ச பொறகும் திணிச்சுட்டே இருந்தா செல்லு உப்பிப் போயிரும். மூச்சு முட்டும். அப்ப அது மூணாவதா ஒரு தகவல் அனுப்பும். 'ஆபத்து, ஆபத்து'ன்னு கத்தும். அந்தக் கூச்சல்ல சதையும் ஈரலும் இன்சுலின் சொல்றதக் கேக்காமப் போயிரும். 'உள்ள வாங்கிக்க'ங்கற தகவலும் கம்மியாயிரும். சர்க்கரை, பிரஷரு எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது."

"மொதத் தகவலு? போதும்ங்கறது?"

"அதையும் கத்திக் கத்திச் சொல்லும். ஆனா எந்நேரமும் கத்துனா மூளைக்குக் காது மரத்துப் போயிருதுங்க."

"என்ற வீட்டுக்காரருக்கு அப்படித்தான் போச்சு," என்றாள் கௌசல்யா. மறுபடியும் கூடம் சிரித்தது.

ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

பொட்டு வந்ததும், ஆண்டுக்கொருமுறை நடந்துவந்த இரத்தப் பரிசோதனை முகாமை நிர்வாகம் நிறுத்தியது. நாள் முழுக்கக் கேட்கும் காது இருக்கும்போது வருடத்துக்கு ஒரு சொட்டு ரத்தம் எதற்கு என்று ஃப்ளோர் மேனேஜர் கிருபாகரன் கேட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதாகத்தான் மகிழினிக்கும் பட்டது. ஆனால் எது அளவு, எது அளவுக்கு மீறியது என்று பொட்டுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தவர்கள் எங்கோ குளிர்நாட்டில், முப்பது வயது ஆண்களை வைத்துக் கணக்கிட்டவர்கள். கொடிமலரின் அறுநூறு பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பட்டைகள் சிவந்தன.

இரண்டு வாரம் தொடர்ந்து சிவந்தவர்களை மெஷினிலிருந்து எழுப்பி வாசலோரம் பிசிர் வெட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த மேசைக்குத் தக்காளி மேசை என்று பெயர் வந்துவிட்டது. தேநீர் இடைவேளையில் அவர்கள் மட்டும் முற்றத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். மற்றவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் வழியாகப் பார்ப்பார்கள். பேக்கிங் பிரிவுப் பையன்கள் சுற்றுக்களை எண்ணிச் சொல்வார்கள்.

கௌசல்யா அந்தக் கூடத்தின் மிகச் சிறந்த ஓவர்லாக் தையற்காரி. கண்ணை மூடிக்கொண்டு கழுத்துப்பட்டி ஏற்றக்கூடியவள். இப்போது கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து பிசிர் வெட்டினாள். ஒருநாள் நலப் பிரிவு மேசைக்கு வந்து நின்றாள். மகிழினிதான், "என்னங்க்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கேன்டீன்ல இன்னிக்கு ரெண்டாவது இட்லி எடுத்தனா. பின்னால நின்ன புள்ள என்ற கையப் பாத்துச்சு. பட்டையப் பாத்துச்சு. நான் வெச்சுட்டு வந்துட்டேன்." பட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "பசிக்குது, அதான்."

அன்றைக்கு மாலை வகுப்பில் மகிழினிக்கு ஒன்றும் ஏறவில்லை. பேருந்தில் திரும்பும்போது சட்டென்று ஒன்று தோன்றியது. செக்கிங் மேசையில் அவள் கற்றிருந்த முதல் பாடம் அது. ஒரு ஆர்டர் வந்தால் முதலில் அப்ரூவல் சாம்பிள் என்று ஒரு மாதிரிச் சட்டை தைப்பார்கள். அதை மேசைமேல் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஆயிரக்கணக்கான பீஸ்களை அதோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். வேறு கம்பெனிச் சட்டையோடு ஒப்பிட்டுக் குறை சொல்பவளை யாரும் செக்கிங்கில் வைத்திருக்க மாட்டார்கள். மனிதர்களுக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? குளிர்நாட்டு ஆம்பளையின் கொழுப்போடு கௌசல்யா அக்காவின் கொழுப்பை எதற்கு ஒப்பிட வேண்டும்? அவரவர் முதல் வாரத்து அளவே அவரவர் சாம்பிள். அதிலிருந்து விலகினால் மட்டும் சிவப்பு.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினாள். மூன்று தடவை சரிபார்த்தாள். கிருபாகரனிடம் கொண்டுபோனாள்.

"இதப் போட்டா எத்தனை சிவப்பு வரும்?"

"ஏழுங்க சார்."

"ஏழா?" அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஷிப்மென்ட் தேதிய நெனச்சுத் தூக்கமில்லாமக் கெடக்கறேன். இத்தன நாளா எங்கம்மா இருந்தே நீ? இன்னிக்கே போட்டுரு."

அவர் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது அவளை லேசாக உறுத்தியது. போய் நான்காவது தடவையாகச் சரிபார்த்தாள். கூட்டல் சரியாக இருந்தது. வகுத்தல் சரியாக இருந்தது. அவள் சரிபார்த்தது எல்லாமே கணக்கை மட்டும்தான்.

மறுநாள் காலை அந்த ஏழு பேர் போகக் கூடம் முழுக்கப் பச்சையாயிற்று. தக்காளி மேசையைத் தூக்கி ஸ்டோர் அறையில் போட்டார்கள். கௌசல்யா தன் மெஷினுக்குத் திரும்பி, அதன் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நேராக வந்து மகிழினியை அப்படியே சேர்த்து இறுக்கினாள். "மூச்சு முட்டுதுங்க்கா" என்று மகிழினி சொன்னதற்கு, "முட்டட்டும், ஆபத்துன்னு கத்து" என்றாள்.

மகிழினியின் அம்மா அம்பிகாவும் அதே நிறுவனத்தில்தான், அயர்னிங் பிரிவில். குச்சி போன்ற உடம்பு. அவள் பட்டையும் முதலில் சிவந்துதான் இருந்தது, மெஷின் பழுது என்று எல்லோரும் சிரித்து அவளை அயர்னிங்கிலேயே விட்டிருந்தார்கள். இப்போது கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கையாகப் போய், "என்ற புள்ள கண்டுபுடிச்சதுங்க" என்று சொன்னாள். மகிழினி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குப் போல அவள் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பொட்டு விற்ற நிறுவனம் கடிதம் எழுதியது. அவள் முறையை வேறு முப்பது ஆலைகளிலும் பயன்படுத்தப் போவதாகச் சொன்னது.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் கௌசல்யா வந்தாள். "சித்தெ பாரு கண்ணு. தாகமா இருக்குது. குடிச்சாலும் அடங்கல."

மகிழினி திரையைத் திறந்தாள். முதல் வாரத்துக் கோடும் இன்றைய கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. "மாற்றமில்லீங்க்கா. வெயிலு அதிகம், அதனாலயா இருக்கும்."

மாரியம்மன் பண்டிகை முடிந்து வந்தாள். "அலுப்பா இருக்குது. உக்காந்த எடத்துலயே கண்ணு சொக்குது."

"மாற்றமில்லீங்க்கா."

மழைக்காலத்தில் வந்தாள். "பாதம் மதமதன்னு இருக்குது. மெஷின் பெடல் காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

அன்றைக்கு மகிழினி சற்றுத் தயங்கினாள். திரையை இரண்டு தடவை பார்த்தாள். கோடு அசையாமல் நின்றது. தன்மேல் அவளுக்கு எப்போதும் இருக்கும் சந்தேகம் அன்றைக்கும் இருந்தது, திரையின்மேல்தான் இல்லை. "பச்சைதானுங்க்கா. நாலு நாள் லீவு எடுத்துப் பாருங்க." கௌசல்யா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "பச்சைன்னா சரி," என்று போனாள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. உடைந்த ஊசித் துண்டு ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியிருந்தது. மூன்று நாள் அது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் மகன் பார்த்திருக்கிறான். அரசு மருத்துவமனையில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் மேலே ஏறினால் பாதத்தையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

மகிழினி போனபோது கௌசல்யா தூக்கத்தில் இருந்தாள். மகிழினியைவிட மூன்று நான்கு வயதே மூத்திருக்கக்கூடிய ஒரு பெண் டாக்டர் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை நானூத்து அறுபத்தெட்டு. ரெண்டு வருசமாவே இருந்திருக்கும். கம்பெனில டெஸ்ட் எதும் எடுக்கறதில்லையா?"

"பொட்டு இருக்குதுங்க டாக்டர். பச்சையாத்தான் காட்டுச்சு."

"எதோட ஒப்பிட்டுப் பச்சை?"

"அவங்க மொத வாரத்து அளவோட."

டாக்டர் தலையை நிமிர்த்தினாள். திட்டப்போகிறாள் என்று மகிழினி நினைத்தாள். அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது. "மொத வாரம் அவங்க நல்லா இருந்தாங்கன்னு யாரு பாத்தா?"

மகிழினி வாசலை நோக்கி நடந்தாள். வார்டுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கௌசல்யாவின் மூல அளவுகளைக் கைப்பேசியில் திறந்தாள். பொட்டு ஒட்டிய முதல் மணி நேரத்திலிருந்தே ஆபத்துத் தகவல் உச்சத்தில் இருந்தது. பதினான்கு மாதம், இரவும் பகலும், ஒரு நிமிடம் ஓயாமல் அந்தச் செல்கள் கத்தியிருந்தன. ஒரே சீராகக் கத்தியதால் அவள் எழுதிய கணக்கு அதை அமைதி என்று எடுத்துக்கொண்டது.

செக்கிங்கில், சாம்பிளை மேசைக்கு அனுப்பும் முன் மூன்று பேர் அதை அளந்து கையெழுத்துப் போடுவார்கள். அந்த மூன்று கையெழுத்தும் இல்லாத சாம்பிளை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அறுநூறு மனிதர்களுக்கு அதைக் கேட்க மறந்திருந்தாள். கத்திக் கத்திக் காது மரத்துப்போகும் மூளையைப் பற்றி அன்றைக்கு விளக்கம் சொன்னவளும் அவள்தான். அதேபோன்ற ஒரு காதைத்தான் செய்து முப்பத்தோரு ஆலைகளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் மறுபடி போனாள். கௌசல்யா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கால் போர்வைக்கு வெளியே இருந்தது.

மகிழினி வழியில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். கடைசியில் எப்படியோ சொல்லி முடித்தாள். முதல் நாளிலிருந்தே உங்கள் உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் எழுதிய கணக்குத்தான் அதைக் கேட்கவிடாமல் செய்தது என்றாள்.

கௌசல்யா தன் காலையே பார்த்தாள்.

"மூணு தடவ வந்தேன்."

"ஆமாங்க்கா."

"தாகம்னு சொன்னேன். என்ற நாக்கு வறண்டுதான கெடந்துச்சு. அது பொய்யா? நீ திரையக் காட்டுனே. நான் என்ற நாக்க நம்பாம அதப் போய் நம்பிட்டேன்."

"மன்னிச்சுருங்க்கா."

"மாட்டேன்," என்றாள் கௌசல்யா. கோபம் குரலை உடைத்தது. "இப்ப மாட்டேன். அப்புறம் பாக்கலாம். மன்னிக்கறதுக்கும் தெம்பு வேணுமல்ல."

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் கஞ்சியைக் கலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மகிழினி எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாற்காலி விளிம்பில் இருந்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"பழைய அளவையே போட்டுரலாம்னு இருக்கறனுங்க. நாளைக்குக் காலைல. எல்லாம் மறுக்கா சிவப்பாயிரும். அவங்களையெல்லாம் டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லி எழுதிக் குடுக்கறேன்."

"கிழிஞ்சுது. டாக்டர்கிட்டயா அனுப்புவாங்க? ஸ்டோர்ல கெடக்கற மேசையத் தூக்கியாந்து போடுவாங்க. பாட்டுப் போடுவாங்க." கௌசல்யா கையை நீட்டினாள். "வேண்டாம். பேனா வெச்சிருப்பியே, எடு. என்னையாட்டத் தாகம், அலுப்புன்னு கெடக்கறவங்க பேர நான் சொல்றேன், எழுதிக்க. ஒவ்வொருத்தரா தனியாக் கூப்புட்டுச் சொல்லி டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க வெச்சு, பொறகு உன்ற கணக்கத் திருத்து."

"உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்?"

"ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு லைனுக்கு ரெண்டே டோக்கன். நீ மேசைக்குப் போயிட்டே, உனக்கு அது வேண்டாம். எங்களுக்கு வேணுமல்ல? மணிக்கொருக்கா ஓடறவளுக்கு அடுத்த லைன் டோக்கன் வேணும். அப்படி மாத்தி மாத்தி வாங்கிக்கற கூட்டம் ஒண்ணு இருக்குது. யாருக்குத் தாகம், யாருக்கு அவசரம்னு எங்களுக்குள்ள தெரியும். நாங்களும் பச்சையப் பாத்துட்டு வயசாகுதுன்னு நெனச்சுட்டோம்."

சொல்லச் சொல்ல மகிழினி எழுதினாள். நூர்ஜஹான். மூன்றாவது லைன் ரோஸ்லின். ஒடிசாக்காரி சுனிதா. பட்டன் மெஷின் திவ்யபாரதி.

"திவ்யபாரதியா? ஒல்லியாத்தான இருப்பாங்க?"

"ஒல்லிதான். டோக்கனுக்கு என்னத்தெத் தெரியும் ஒல்லியும் குண்டும்? எழுது."

சில உடம்புகளில் கொழுப்பு வெளியே தெரியாமல் ஈரலைச் சுற்றி, குடலைச் சுற்றி அடைந்துகொள்ளும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். எழுதினாள். எட்டுப் பெயர்கள் ஆயின. ஒன்பதாவதற்குக் கௌசல்யா குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொருத்தர் இருக்கறாங்க. சொல்ல வேண்டாம்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறாங்க."

"யாருங்க்கா?"

"அயர்னிங்ல. எங்கிட்டத்தான் டோக்கன் வாங்குவாங்க. சூட்டுல நிக்கறதால தாகம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்குவாங்க. ஒருநாளு எங்கிட்ட மட்டும், ராத்திரி நாலு தடவ எந்திரிக்கறேன்னு சொன்னாங்க. போய் மகிகிட்டக் காட்டுங்கன்னேன். 'வேண்டாம் கௌசி, புள்ள கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சது, பெத்தவளே போயித் தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்'னாங்க."

மகிழினியின் பேனா தாளில் ஊன்றிய இடத்தில் மை பரவியது. பெயரை அவள் எழுதவில்லை.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. ஐந்தரை மணிப் பேருந்தில் ஏறினாள். தினமும் ஒன்பதரைக்கு அவள் வீடு சேரும்போது அம்மா படுத்திருப்பாள். காலையில் அவள் எழுமுன் அம்மா சமைத்து முடித்திருப்பாள், பிறகு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். ஒரே வீட்டில் ஒருவரையொருவர் ஆற அமரப் பார்த்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அந்த ஞாயிறுகளிலும் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்பிகா அடுக்களை மேடையோரம் நின்று சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. சொம்பு காலியாகும் வரை அவள் மகளைப் பார்க்கவில்லை.

"ஏங் கண்ணு, கிளாசுக்குப் போகலியா?"

"இல்லீங்ம்மா." மகிழினி செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். அம்மாவின் கழுத்து எலும்பு முன்னைவிடத் துருத்திக்கொண்டிருந்தது. ரவிக்கை தோளில் நழுவியது. இத்தனையும் எப்போது நடந்தது? "எத்தனை நாளா இப்படித் தண்ணி குடிக்கறீங்க?"

அம்பிகா சொம்பைப் பின்னால் வைத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று புரிந்திருக்க வேண்டும்.

"அட, அயர்ன் பாக்ஸ் சூடு. நீ எதுக்கு இப்படி மொகத்த வெச்சுட்டு நிக்கறே? எனக்கு ஒண்ணுமில்ல சாமி." அருகில் வந்து, குழந்தைக்கு வளையல் காட்டுவதுபோல் மணிக்கட்டை நீட்டினாள். "பாரு. உன்றதுதான? பச்சையாத்தான் இருக்குது."

மகிழினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கொக்கி இறுகியிருந்தது. இரண்டாவது இழுப்பில்தான் பட்டை கழன்று வந்தது. பதினான்கு மாதம் வெயில் படாத தோலில் வெளிறிய வளையம் ஒன்று விழுந்திருந்தது. விரல் வைத்துப் பார்த்தாள். நாடி வேகமாக அடித்தது.

"சொல்லுங்ம்மா," என்றாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் கேக்கறேன்."